ஏழு அங்குலப் பெட்டி

சிவராசா கடைக்கு வரும் நாட்களில் ஜுனைதாவுக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலை வந்து சேரும்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாசல். வாசலில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம், மாத்தளைத் திருகோணமலை வீதியைப் பார்த்தபடி லாபிர் முதலாளியின் கடை. கொக்கோவும் மிளகும் ஏலக்காயும் அங்கேதான் வாங்கி விற்பது. திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய மகள் ஜுனைதா கையில் கரண்டியோடு நின்றாள்.

"தம்பிக்குச் சீனி எத்தின?" என்று வாப்பா கேட்டார். போன தடவையும் கேட்டார்.

"ஒண்டரைக் கரண்டி காணும் முதலாளி."

அந்த ஒன்றரையைக் கேட்டதும் அவளுக்கு வயிறு எரிந்தது. வாப்பா அந்தக் கடையில் யாரிடமும் சீனி கேட்டதில்லை. ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பேராதனையில் அவளும் சிவராசாவும் ஒரே ஆண்டு. முதல் வருடம் பௌதிகத்தில் தத்தளித்தவன், ஒரு தோழி வழியாக அவளுடைய குறிப்புகளை இரவல் வாங்கிப் படித்துத்தான் கரையேறினான். கடைசியில் அவள் பௌதிகத்தில் இரண்டாம் வகுப்போடு வெளியே வந்தாள். அவன் தாவரவியலில் வகுப்பு எதுவுமில்லாமல் வெறுமனே சித்தியடைந்தான். இப்போது அவன் விவசாயக் கந்தோரில் உத்தியோகத்தர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறான். வாப்பா எழுந்து கதிரையை இழுத்துப் போடுகிறார். அவள் பெண்கள் பாடசாலை ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு வில்லைகளைப் படிப்பித்துவிட்டு வந்து சீனி கலக்குகிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டாலும் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது வேறு விஷயம்.

"இதப் பாருங்க தம்பி," வாப்பாவின் குரல் தணிந்தது. "கொழும்புக் கொம்பனிக்காரன் முழு லொட்டையும் திருப்பி அனுப்பி ஈக்கிறான். கொட்டைய வெட்டிப் பாத்தா உள்ளுக்கு ஊதா நெறமாம். இன்னொருக்கா இப்படி வந்தா வேற ஆளப் பாக்குறானாம்."

கத்தியால் கொட்டையை வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிவராசா நிதானமாகச் சொன்னான்:

"தோட்டக்காரர் பச்சைக் கொட்டையைக் கொண்டுவந்த உடன கழுவி வெயில்ல போட்டிடுறியள். அதுதான் பிழை. சதையோட ஆறு நாள் புளிக்க விடோணும் முதலாளி. மூண்டடிப் பெட்டி ஒண்டு செய்யுங்கோ. வாழையிலை விரிச்சு, கொட்டையை நிரப்பி, சாக்குப் போட்டு மூடுங்கோ. தானாச் சூடேறும். சூடேறினால் ஊதா போய் மண்ணிறம் வரும்."

"நெருப்பு இல்லாமச் சூடா?"

"நெருப்பில்லாமல்தான்."

"எனக்கெண்டா வெளங்கல்ல. ஆனா நீங்க படிச்சவங்க. நீங்க செல்றீங்க எண்டபடியா நம்புறேன்."

திரைக்குப் பின்னால் ஜுனைதா கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அப்படியும் சத்தம் கேட்டது.

வாப்பா மறுநாளே மர ஆலைக்குப் பலகை சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரம் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தபோது அவள் போய் நின்றாள்.

"வாப்பா, அவர் செல்றது சரியா எண்டு நான் ஒருக்காச் செஞ்சி பாக்கட்டுமா?"

"பாரு, பாரு," என்றார் அவர், மணல் வீடு கட்டப் போகும் பிள்ளையிடம் சொல்வதுபோல.

மூன்றடிப் பெட்டி நிறையக் கொட்டை வீணாக்க யார் விடுவார்கள்? அவள் எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்தாள். மூன்றடி, ஏழு அங்குலமும் சொச்சமுமாகச் சுருங்கிற்று. பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை மூத்த சகோதரன் நுஹ்மான் நானாவிடம் கொடுத்து அறுப்பித்தாள். அடியில் சாறு வடிய அரை அங்குல ஓட்டைகள் வேண்டும் என்று சிவராசா சொல்லியிருந்தான். அவற்றையும் ஐந்தால் வகுத்து, பின்னலூசியைச் சூடாக்கித் துளைத்தாள். வாழையிலை, மேலே சாக்கு, எல்லாம் அவன் சொன்னபடி. ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. மாற்றினால் பிறகு அவன் அதைப் பிடித்துக்கொள்வான்.

பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானியொன்றைக் கேட்டு வாங்கி, கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிக்குள் செருகினாள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கட்டும் என்று காத்திருப்பார்கள் பெண்கள். ஜுனைதா பொங்காமல் இருக்கட்டும் என்று காத்திருந்தாள். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் பார்ப்பாள். வந்து செருப்பைக் கழற்றுமுன் பார்ப்பாள். வெப்பமானியின் இரசம் ஏறவில்லை. வெளியில் இருந்த சூட்டைவிட இரண்டு பாகை கூட, அவ்வளவுதான். ஆறாம் நாள் சாக்கை நீக்கினால் மேலெல்லாம் சாம்பல் பூஞ்சணம். கொட்டையை வெட்டினாள். ஊதா. கத்தரிக்காய்த் தோல்போல அப்படியே ஊதா.

சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு கெட்டுப்போன கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சந்தோஷப்படுவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் போகவில்லை.

வெட்டிய கொட்டைகளை அவள் ஒரு தட்டத்தில் வைத்து நீட்ட, வாப்பா பார்த்தார். கொட்டையை மோந்து பார்த்தார். பிறகு கடைப்பக்கம் திரும்பி, "முத்தலிப்! இங்க வா. எங்கட மகள் என்ன கண்டுபிடிச்சீக்கிறா பாரு!" என்று கூப்பிட்டார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் முத்தலிப் வந்தான். மிளகு விற்க வந்திருந்த இரண்டு வியாபாரிகளும் எட்டிப் பார்த்தார்கள். "கவர்மென்டு செல்றதெல்லாம் சரியா வாரதா?" என்றார் வாப்பா. அவர் முகம் பெருநாள் காலை முகம்போல இருந்தது.

அந்த வாரமே சிவராசா வந்தான். ஜுனைதா திரையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிவைத்துப் பார்த்தாள். வாப்பா தட்டத்தையும் சின்னப் பெட்டியையும் அவன் முன்னால் வைத்தார். அவன் கொட்டையைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்தான். திருப்பினான். அடியிலிருந்த ஊசி ஓட்டைகளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"ஆர் செய்தது?"

"மகள் தான். பேராதனையில படிச்சவ. சும்மா இல்ல தம்பி!"

பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து வாப்பா பேராதனை என்ற வார்த்தையை வெளியாள் ஒருவர் முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை. ஜுனைதா திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வடிவாச் செய்திருக்கிறா," என்றான் சிவராசா. திரைப்பக்கம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். "சரி முதலாளி. உங்கட விருப்பம்."

அவன் போனதும் வாப்பா ஆளனுப்பிப் பலகையை வேண்டாமென்று நிறுத்தினார். ஜுனைதா அவன் பாதி குடித்து வைத்த கோப்பையைக் கழுவினாள். அடியில் கொஞ்சம் சீனி கரையாமல் கிடந்தது. அவள் அதை நிறைய நேரம் கழுவினாள்.

அடுத்து வந்தது பள்ளிவாசலில் ஊருக்கே சோறு போடும் கந்தூரி. செலவில் பெரும்பங்கு வாப்பா தலையில். கடையும் ஸ்டோரும் பூட்டுத்தான். கந்தூரிக்கு மூன்று நாள் முன்பே றத்தோட்டையிலிருந்து லொறியில் பச்சைக் கொட்டை வந்துவிட்டது. கழுவ ஆளில்லை. முத்தலிப் அதை ஸ்டோர்த் தரையில் குவித்து, கோழி கிளறாமல் இருக்க வாழையிலையும் சாக்கும் போட்டு மூடிவிட்டு, பள்ளிவாசல் வேலைக்குப் போய்விட்டான். கந்தூரி முடிந்த மறுநாள் கழுவிக் காயப்போடுவதாக ஏற்பாடு.

பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் பெண்களுக்குச் சாப்பாடு. பெரிய வட்டத் தட்டமான சஹன் ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஜுனைதாவின் சஹனில் உம்மா கைறுன்னிஸா, றம்லா மாமி, இன்னும் மூன்று பேர். முற்றத்தில் கந்தூரிப் பெரும்பானை. காலையில் இறக்கியது, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நாவுலவுக்கு மிளகாய் வாங்கப் போன நுஹ்மான் அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கினான். உம்மா அவனுக்கென்று காலையிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்திருந்தாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு வாசலில் நின்றபடி கத்தினான்.

"உம்மா, இது ஆறிப் பச்சத் தண்ணியா ஈக்கி! அங்க பானையில ஆவி பறக்குது. எனக்கு மட்டும் பழஞ்சோறா?"

"ஒரே பானச் சோறு தான்டா. மூடித்தானே வச்சேன். பள்ளிச் சோத்துக்குக் கொற செல்லாத."

"மூடினா ஏன் ஆறின?"

ஜுனைதா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கிண்ணம் சின்னது தானே நானா. சின்னது கெதியா ஆறும்."

சொன்னவளின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

ஏழு அங்குலம். மூன்றடி. ஒரே கொட்டை, ஒரே இலை, ஒரே சாக்கு. கிண்ணமும் பானையும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கும் சங்கதி. அவளுக்கு விளங்காமல் போனது ஏன் என்று அவளுக்குத் தெரியும். இரசம் ஏறக்கூடாது என்று அவள் விரும்பியிருந்தாள். ஏறாதபோது ஏன் என்று கேட்கவில்லை.

உடனே எழுந்து ஸ்டோருக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் சஹனில் உட்கார்ந்தால் ஆறு பேரும் முடிக்காமல் ஒருவர் எழும்புவது மரியாதை இல்லை. றம்லா மாமி ஒரு நல்லி எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல உறிஞ்சினாள்.

"என்ன புள்ள, எறச்சி பிடிக்கல்லயா?" என்றாள் மாமி.

"பிடிக்கும் மாமி."

"அப்ப தின்னேன். மொகத்த ஏன் பேய் அடிச்ச மாதிரி வச்சீக்கிறாய்?"

மாமி எலும்பைத் தட்டினாள். மறுபடி உறிஞ்சினாள்.

கடைசியில் கை கழுவிக்கொண்டு ஜுனைதா சாவியை முத்தலிப்பிடம் வாங்கி ஸ்டோரைத் திறந்தாள். உள்ளே புளித்த நெடி, காடி வாசம். குவியல் அவளுடைய இடுப்பளவு இருந்தது. சாக்கை விலக்கி, சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். மேலே பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்த கொட்டை. உள்ளே போகப் போகச் சூடு. ஒரு கட்டத்துக்கு மேல் கையை வைத்திருக்க முடியவில்லை, இழுத்துக்கொண்டாள். கை சிவந்திருந்தது. நெருப்பில்லாமல்தான்.

உள்ளேயிருந்து எடுத்த ஒரு கொட்டையை வெட்டினாள். ஊதாவின் ஓரத்தில் மண்ணிறம் படர ஆரம்பித்திருந்தது.

நாளைக்கு வாப்பா இதைக் கழுவிவிடுவார். கழுவினால் கொம்பனிக்காரன் போய்விடுவான். கழுவக் கூடாது என்றால், சிவராசா சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். "சும்மா இல்ல தம்பி" என்று சொன்ன வாய், பிறகு அவளைப் பற்றி என்ன சொல்லும்? மறுபடியும் சீனிதான்.

பின்னால் செருப்புச் சத்தம். வாப்பா அத்தர் வாசத்தோடு வாசலில் நின்றார்.

"இங்க என்ன செய்ற மகள்?"

"வாப்பா, இதக் கழுவ வேணாம். இப்படியே குவிச்சி மூடி வைங்க. நடுவுல முத்தலிப் கிளறி விடட்டும். ஆறு நாள் போகட்டும்."

"அது சிவராசாத் தம்பி செல்லின மாதிரித் தானே? நீ தானே பிழ எண்டாய்?"

"அவர் செல்லினது பெட்டி. இது குவியல்." அவளுக்கு நாக்கு எங்கும் ஒட்டவில்லை. "இது நான் கண்டுபிடிச்சது."

வாப்பா குவியலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார்.

கொட்டை காய்ந்து வந்தபோது வெட்டிய பக்கமெல்லாம் நல்ல மண்ணிறம். கொழும்புக்குப் போன மாதிரிக்குத் தந்தியிலேயே பதில் வந்தது: அனுப்பவும். வாப்பா வீதியில் போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளைக் கைதட்டி நிறுத்தினார்.

"வாங்க தம்பி, வாங்க. ஒங்கட பெட்டியெல்லாம் வேணாம். மகள் அத விட லேசா ஒரு வழி கண்டுபிடிச்சீக்கிறா. சும்மா குவிச்சி வச்சா போதும். நுஹ்மான், தேத்தண்ணி!"

திரைக்குப் பின்னால் ஜுனைதா கரண்டியை எடுத்தாள். இப்போது சிரிப்பான். இல்லாவிட்டால் கோபப்படுவான். எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டும் என்று திரையோரத்தை விலக்கினாள்.

சிவராசா வெட்டிய கொட்டையொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நல்ல யோசனை முதலாளி," என்றான். "பலகைச் செலவும் மிச்சம். எங்கட கந்தோரிலயும் சொல்லுறன், உங்கட மகள் கண்டுபிடிச்சது எண்டு."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு கேலி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அன்றைக்குச் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்த கணத்திலேயே இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடினான். அவளை ஜெயிக்க விட்டான், சின்னப் பிள்ளையோடு ஓடும் பெரியவன் கால் தடுக்கியதுபோல நடிப்பானே, அப்படி. இப்போது இரண்டாந் தடவையும் விடுகிறான்.

கதிரை அவனுக்கு. ஒன்றரைக் கரண்டி சீனி அவனுக்கு. போகட்டும். பெருந்தன்மையும் அவனுக்கா? அதையும் அவனே எடுத்துக்கொண்டு போவதா?

"வாப்பா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அது என்ட கண்டுபிடிப்பு இல்ல. அவர் மொதல் நாள் செல்லினது தான். அவர் சரி. என்ட பெட்டி தான் பிழ."

"பெட்டி பிழயா? நீ அச்சொட்டா அளந்து தானே செஞ்சாய்?"

"அளந்து சின்னதாக்கினது தான் பிழ."

"அதென்ன? மூணடிக்கு ஒரு சட்டம், ஏழு இஞ்சிக்கு ஒரு சட்டமா? அல்லாஹ்ட துனியாவுல அப்படியும் ஈக்கா?"

"சட்டம் ஒண்டு தான் வாப்பா." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். திரைக்கு வெட்கப்படத் தேவையில்லை. "சூட்ட உண்டாக்குறது உள்ளுக்கு ஈக்கிற கொட்ட. வெளிய விடுறது சுத்தி ஈக்கிற பலக. பெட்டிய அஞ்சில ஒரு பங்காக்கினா பலக இருவத்தஞ்சில ஒரு பங்கு. கொட்ட நூத்தி இருவத்தஞ்சில ஒரு பங்கு. கொட்ட தான் கூடக் கொறையுது. கொஞ்சக் கொட்டைக்கு நெறையப் பலக. உண்டாகுற சூடு நிக்காது. அண்டைக்கு நானாட கிண்ணச் சோறு ஆறின மாதிரி."

"அப்ப சின்னக் கடக்காரனுக்கு வாரத விடப் போறது கூட," என்றார் வாப்பா. "இது எனக்குத் தெரிஞ்ச சட்டம் தான்."

மிளகு வியாபாரி ஒருவர் சிரித்தார். சிவராசா சிரிக்கவில்லை.

"நான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும் மிஸ்," என்றான். "உங்கட வாப்பா அவ்வளவு சந்தோசமா நிண்டார். மனம் வரேல்லை."

"செல்லி ஈக்கலாம்," என்றாள் ஜுனைதா.

"புள்ள!" என்று வாப்பா அதட்டினார்.

"விடுங்கோ முதலாளி. அவ சொல்லுறது சரி." அவன் திரைப்பக்கம் திரும்பினான். "பெட்டியைக் கண்ட உடன எனக்கு விளங்கினது எப்பிடித் தெரியுமோ? உங்கட பௌதிகக் குறிப்பில ஒரு பக்கம் இருந்தது. சின்னப் பொருளும் பெரிய பொருளும் ஆறுற விதம். கண்ணீர் விட்டுப் பாடமாக்கினனான். மறக்கேல்லை."

அவளுக்கு அந்தப் பக்கம் ஞாபகமே இல்லை. தன் கையால் எழுதியது. அதைப் படித்தவன் வைத்திருக்கிறான், எழுதியவள் தொலைத்துவிட்டாள். இதற்கு யார்மேல் எரிச்சல்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் அவன்மேலேயே பட்டாள்.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றான் அவன். "றத்தோட்டைப் பக்கம் சின்னத் தோட்டக்காரரிட்டை ஒரு கூடைக் கொட்டைதான் இருக்கு. குவிக்கிறதுக்குக் காணாது. அவையள் என்ன செய்யிறது? கந்தோரிலயும் கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை."

ஜுனைதாவுக்கு அது அப்போதே தெரிந்தது. கொட்டையைக் கூட்ட முடியாதென்றால் பலகை வழியாகப் போகும் சூட்டைத் தடுக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி. இடையில் ஒரு சாண் தடிப்புக்கு உமி. எத்தனை அங்குல உமி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

"செஞ்சி பாக்க வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

"பாத்துட்டுச் செல்லு மகள்," என்றார் வாப்பா. இந்தத் தடவை அவர் குரலில் மணல் வீடு இல்லை. "தம்பி அடுத்த மாசம் வருவாரு. அவருக்கிட்டச் செல்லு."

"இன்ஷா அல்லாஹ்."

அவள் குசினிக்குத் திரும்பினாள். ஒன்றரைக் கரண்டி சீனியை அளந்து போட்டு, ஒரு பருக்கையும் மிஞ்சாமல் கரைத்து, கோப்பையை நுஹ்மானிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு அலுமாரிக்கு மேலிருந்த ஏழு அங்குலப் பெட்டியை இறக்கிப் பூஞ்சணத்தைத் துடைத்தாள்.

"உம்மா, உமி எங்க வாங்கலாம்?"

"உமியா? அது என்னத்துக்குப் புள்ள?"

"ஒண்டுமில்ல. ஆருக்கிட்டயும் செல்லாதீங்க. அடுத்த மாசத்துக்குள்ள வேணும்."